வாங்கிப் பாடியவர்கள்: சிற்றாற்றங்கரையின் கூட்டுப்பாட்டு வரலாறு



இந்த ஆண்டு நினைவுரையை மேலகரத்தில் வைக்கிறோம் என்று பேரவையில் சொன்னதுமே பேச வேண்டிய பொருள் எனக்கு முடிவாகிவிட்டது. தமிழ் இலக்கிய வரலாறு படித்த யாரிடமும் மேலகரம் என்று சொல்லிப் பாருங்கள். திரிகூடராசப்பக் கவிராயர், குற்றாலக் குறவஞ்சி என்று அடுத்த மூச்சில் சொல்வார்கள். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர் என்றால், திருவாவடுதுறை ஆதீனத்தின் மேலகரம் சுப்பிரமணிய தேசிகரையும் அவர் உ.வே.சாமிநாதையரை ஆதரித்த கதையையும் சேர்த்துக்கொள்வார். 'அகரம்' என்ற சொல் கல்வெட்டுகளில் பார்ப்பனக் குடியிருப்பைக் குறிப்பது. ஆக, ஊரின் பெயரும் ஊருக்குக் கிடைத்த புகழும் எழுத்தறிந்தவர்களின் கணக்கில் இருக்கின்றன. இதே ஊரைச் சுற்றியுள்ள வயல்களில், காரிலும் பிசானத்திலும் முழங்கால் தொளியில் நின்றபடி வரிசையாகப் பாடியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் ஒரு இசை வரலாறு உண்டு. அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

சேர்ந்து பாடுவது மனிதர்களை ஒருவரோடொருவர் இணைக்கும், இயற்கையோடும் இணைக்கும் என்று இப்போது பரவலாகச் சொல்கிறார்கள். நான் அதை மறுக்கவில்லை. யாரோடு யார் இணைந்தார்கள், எந்த வரப்போடு அந்த இணைப்பு நின்றது, பாட்டு முடிந்ததும் நிலம் யாரிடம் இருந்தது என்று கேட்க விரும்புகிறேன். சமூகவியல் படித்தவளின் கெட்ட பழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஆற்றை வழித்துணையாக எடுத்துக்கொள்வோம். குற்றால மலையில் பிறந்து, பேரருவியாக விழுந்து, தென்காசி வழியாகக் கிழக்கே ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது சிற்றாறு. சீவலப்பேரிப் பகுதிதான் பழைய முக்கூடல். ஆற்றின் தலைமாட்டில் குற்றாலக் குறவஞ்சி, கால்மாட்டில் முக்கூடற் பள்ளு. தமிழில் குறவஞ்சி என்ற வகைக்கும் பள்ளு என்ற வகைக்கும் எடுத்துக்காட்டாக எல்லாரும் காட்டுகிற இரண்டு நூல்களும் ஒரே ஆற்றின் இரு முனைகளில் எழுந்திருக்கின்றன. ஒன்று மலையில் வாழும் குறவர்களின் வாயில் பாட்டை வைக்கிறது. மற்றொன்று வயலில் உழைக்கும் பள்ளர்களின் வாயில் வைக்கிறது. இரண்டையும் எழுதியவர்கள் அந்த மக்களைச் சேர்ந்தவர்கள் என்று யாரும் இதுவரை சொன்னதில்லை.

முதலில் மலை. குற்றாலக் குறவஞ்சியில் வரும் குரங்கும் அருவியும் உள்ள பாட்டை நாம் எல்லாரும் பள்ளியில் ஒப்பித்திருக்கிறோம். மலையின் வளத்தைச் சொல்பவள் குறத்தி சிங்கி. குற்றாலநாதர் மேல் காதல்கொண்ட வசந்தவல்லிக்குக் கைபார்த்துக் குறி சொல்ல வருகிறவள். அவளைத் தேடி வரும் சிங்கனும் அவன் கூட்டாளி நூவனும் கோயில் நிலங்களில் இறங்கும் பறவைகளைப் பேர் பேராகச் சொல்கிறார்கள், கண்ணி வைக்கிறார்கள். கவிராயருக்குக் காது உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சிந்துகளும் கண்ணிகளும் நடைபோடும் விதம், அவர் எங்கோ நின்று மக்களின் பாட்டைக் கேட்டிருக்கிறார் என்று காட்டுகிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சிங்கி தனியாகப் பாடுகிறாள். அவளோடு சேர்ந்து பாட இன்னொரு குறத்தி அந்த நூலில் இல்லை. ஆடும்போது பின்பாட்டுக்காரர்கள் பக்கத்தில் நின்றிருப்பார்கள். நான் சொல்வது நூலுக்குள். மலைமக்களின் பாட்டு எப்போதும் இப்படியா இருந்தது? சிலப்பதிகாரத்தின் குன்றக்குரவையை நினைத்துப் பாருங்கள். வேங்கை நிழலில் நின்ற கண்ணகியைக் கண்ட குறவர் கூட்டம் சேர்ந்து பாடிச் சேர்ந்து ஆடுகிறது. குரவை என்றாலே கைகோத்து ஆடுவதுதான். அதே காப்பியத்தின் ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயர்களை அவர்களுக்கு வைக்கிறாள். ஒவ்வொரு பெண்ணும் ஒரு சுரம், ஏழு பேரும் சேர்ந்தால்தான் பண் என்பது அதன் பொருள். இளங்கோவின் காலத்திலிருந்து கவிராயரின் காலத்துக்கு வரும்போது கூட்டம் கரைந்து ஒற்றைக் குறத்தி மிஞ்சுகிறாள். அரசவையிலும் கோயிலிலும் ஒருத்தியை ரசிப்பது எளிது. ஒரு குடியே சேர்ந்து வந்து பாடினால் அதை என்ன செய்வது?

இந்த நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் கவிராயருக்கு நிலம் கொடுத்தார். அவர் ஆண்டது 1706 முதல் 1732 வரை. அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர். குறத்தியைப் பாடியவருக்கு நிலம் கிடைத்தது. அதில் நாற்று நட்டவர்கள் யார் என்று இலக்கிய வரலாற்று நூல்கள் கேட்பதில்லை. கவிராயர் குடும்பத்துப் பெண்கள் நட்டிருக்க மாட்டார்கள் என்பது வரை எனக்குத் தெரியும்.

குறவர்களுக்கு என்ன கிடைத்தது? 1871-ல் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வடக்கே தொடங்கிய சட்டம், 1911-ல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் பிரிவுகள் அதன் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பிறப்பாலேயே குற்றவாளி, காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும், சொல்லாமல் ஊர் தாண்டக் கூடாது. மலையெல்லாம் தன் உறவினர் மலை என்று பெருமை பேசும் சிங்கியின் மக்களுக்கு இந்தக் கதி. இன்னொரு ஆண்டையும் பக்கத்தில் வைக்கிறேன். 1944-ல் சென்னை கலாக்ஷேத்ராவில் ருக்மிணி தேவி அருண்டேல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக்கி மேடையேற்றினார். கலை வரலாற்றில் பெரிய நாள். அன்று சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் அமலில்தான் இருந்தது. மேடையில் குறத்திக்குக் கைதட்டல் விழுந்த ஊரில், மேடைக்கு வெளியே இருந்த குறத்தி காவலர் கண்ணுக்குப் பயந்து நடந்தாள். அந்த நாட்டியத்தின் அழகை நான் குறை சொல்லவில்லை. இரண்டும் ஒரே காலத்தில் நடந்தன என்பதைப் பாடநூல்கள் சேர்த்துச் சொல்வதில்லை என்கிறேன். அந்த நிழல் இன்றும் போகவில்லை. குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரில் மேடைகளில் நடந்த ஆபாசத்துக்கு எதிராக அந்த மக்களே நீதிமன்றம் போய், 2023-ல்தான் தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்தது.

1871 என்ற ஆண்டை விட்டு உடனே நகர எனக்கு மனமில்லை. அதே ஆண்டில் சென்னையில் சார்லஸ் கோவர் என்ற ஆங்கிலேயர் தென்னிந்திய நாட்டார் பாடல்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஒரு பக்கம் அரசு மக்களைக் குற்றவாளிப் பட்டியலில் எழுதுகிறது, மறுபக்கம் அதே அரசைச் சேர்ந்த உலகம் மக்களின் பாட்டை நூலில் எழுதுகிறது. அதே 1871 அக்டோபரில், அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்திலிருந்து ஃபிஸ்க் பல்கலைக்கழக மாணவர்கள் ஒன்பது பேர் பாடிப் பணம் திரட்டக் கிளம்பினார்கள். பெரும்பாலும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். பருத்திக் காட்டிலும் இரவு வழிபாட்டிலும் தங்கள் பெற்றோர் சேர்ந்து பாடிய பாடல்களைத் தாங்களே மேடையில் நின்று சேர்ந்து பாடினார்கள். விக்டோரியா மகாராணி முன்னும் பாடினார்கள். திரண்ட பணத்தில் அவர்கள் கல்லூரிக்கு ஜூபிலி ஹால் என்ற கட்டடம் எழுந்தது. இங்கே பாட்டு நூலாயிற்று, அங்கே பாடகர்களுக்குக் கட்டடமாயிற்று. பாடியவர்கள் தாங்களே மேடையேறியதுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று நினைக்கிறேன். நம் பெண்கள் மேடையேற இன்னும் நூறு ஆண்டு பிடித்தது.

ஆற்றோடு கீழே இறங்குவோம். முக்கூடற் பள்ளு தமிழின் வேளாண் களஞ்சியம் என்று சொல்வார்கள், அது உண்மை. மழைக்குறி, வெள்ளம் வரும் வரத்து, நெல் வகை, மாட்டு வகை, ஏர்க் கருவி, மீன்கள் என்று அந்தப் புலவர் எழுதியிருப்பவை பண்ணை மேடையில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்திருக்கக்கூடியவை இல்லை. உழைத்தவர்களிடம் கேட்டு எழுதியவை. பள்ளியர் நடவு நடும் காட்சியும் உண்டு. இன்று சட்டப்படி தேவேந்திரகுல வேளாளர் என்ற பெயரை 2021-ல் பெற்றிருக்கும் மக்கள் இந்த நூலைத் தங்கள் அறிவின் சான்றாக எடுத்துக்காட்டுவதில் நியாயம் இருக்கிறது.

கதையைப் பாருங்கள். குடும்பன் ஒருவன், அவனுக்கு மூத்தவள் இளையவள் என்று இரண்டு மனைவியர், மேலே பண்ணைக்காரன். மூத்தவள் முறையிட, பண்ணைக்காரன் குடும்பனைத் தொழுவில் மாட்டுகிறான். மனிதனை மரத்தில் பூட்டுவது நகைச்சுவைக் காட்சியாக வருகிறது. பிறகு நடவு, அறுப்பு, நெல்லளந்த கணக்கு. முடிவில் மூத்தவளுக்கும் இளையவளுக்கும் நடக்கும் ஏசல். ஒருத்தி மற்றவளின் சாமியைக்கூட விடுவதில்லை. அந்த ஏசல்தான் பள்ளின் ருசியான பகுதி என்று ஆசிரியர்கள் சிரித்துக்கொண்டே நடத்துவார்கள். எனக்கு முதுகலை வகுப்பில் சிரிப்பு வரவில்லை. நடுகை வயலில் இருபது பெண்கள் சேர்ந்து எழுப்பிய குரல், புலவரின் ஏட்டில் ஒரு ஆணுக்காகச் சண்டையிடும் இரண்டு குரல்களாக உடைந்திருக்கிறது. மலையில் கூட்டம் ஒருத்தியாகச் சுருங்கியது. வயலில் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. பள்ளை இப்படி வாசிக்கக் கூடாது, அது இலக்கிய மரபு என்று என் ஆசிரியர் ஒருவர் சொன்னார். மரபு யாருக்கு வசதியாக இருந்தது என்று கேட்பதும் வாசிப்புத்தான்.

அந்த இருபது பெண்கள் உண்மையில் எப்படிப் பாடினார்கள்? இதை எங்கள் வீட்டிலிருந்தே சொல்கிறேன். எங்கள் ஊர் சிற்றாற்றுக் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறது. ஆனியில் மலையில் சாரல் இறங்கும். வெளியூர்க்காரர்களுக்கு அது குற்றால சீசன், பேருந்து பேருந்தாக வந்து குளித்துவிட்டுப் போவார்கள். எங்கள் தெருவுக்கு அது கார் நடுகை. மலையில் விழும் அதே தண்ணீர் மூன்றாம் நாள் அம்மாவின் முழங்காலில் நிற்கும்.

நடுகையில் பெண்கள் வரிசையாகக் குனிந்து, பின்னோக்கி நகர்ந்துகொண்டே நடுவார்கள். முன்னால் நட்டது தெரியும், பின்னால் காலை எங்கே வைக்கிறோம் என்று தெரியாது. ஒருத்தி பாட்டு எடுப்பாள். மற்றவர்கள் வாங்குவார்கள். எடுக்கிறது, வாங்குகிறது என்பவைதான் எங்கள் பக்கத்துச் சொற்கள். எடுக்கிறவளுக்குக் கற்பனை வேண்டும். மேற்கே மேகம் இறங்கினால் அது பாட்டில் வரும், கொக்கு வந்து நின்றால் கொக்கு வரும், அட்டை கடித்தால் அட்டை வரும். வாங்குகிறவர்கள் அதே அடியைத் திருப்பிச் சொல்லும் நேரத்தில் அவள் அடுத்ததை யோசித்துக்கொள்வாள். வாங்குவது சும்மா திருப்பிச் சொல்வது என்று நினைத்துவிட வேண்டாம். பாட்டின் வேகம் வாங்குகிறவர்கள் கையில் இருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வரிசையில் பின்தங்கினால், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், வாங்குகிறவர்கள் இழுத்து வாங்குவார்கள். பாட்டு தளரும், கை தளரும், வரிசை நேராகும். வரப்பில் குடையோடு நிற்கிறவருக்குப் பாட்டு மட்டும்தான் கேட்கும், அதற்குள் நடந்தது தெரியாது. அவரைக் கிண்டல் செய்ததும் தெரியாது. வயலுக்காரர் அருகில் வந்தால் நாற்று முடியை அவர் காலடியில் வைத்துக் குலவை போட்டுக் காசு கேட்பார்கள். கேலியும் உரிமையும் கலந்த கேட்பு அது. கூலியைக் கூட்டிக் கேட்க முடியாத காலத்தில் அப்படித்தான் கேட்டார்கள்.

2013-ல் ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத் துடிப்பு பாட்டின் வாக்கிய அமைப்புக்கு ஏற்ப ஒரே சமயத்தில் ஏறி இறங்குவதைக் காட்டினார்கள். பாடும்போது மூச்சு ஒன்றாகிறது, மூச்சு ஒன்றானால் துடிப்பும் சேர்கிறது. படித்ததும் எனக்கு அந்தப் பிள்ளைத்தாய்ச்சிதான் நினைவுக்கு வந்தாள். இருபது இதயங்கள் ஒருத்திக்காக மெதுவாகத் துடித்திருக்கின்றன. எந்தக் கருவியும் அதை அளக்கவில்லை.

ஆராய்ச்சி உலகம் இந்தப் பாட்டுகளை எப்போது கவனித்தது? ஆங்கில அதிகாரி பெர்சி மாக்வீன் திரட்டிய பாடல்களைக் கி.வா.ஜகந்நாதன் பதிப்பிக்க, தஞ்சை சரசுவதி மகால் 1958-ல் 'மலையருவி' என்று வெளியிட்டது. 1964-ல் நெல்லைச் சீமையின் நா.வானமாமலை 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' கொண்டுவந்தார். இன்றைய தென்காசி மாவட்டத்துச் சிவகிரி வட்டாரத்தில் திரட்டியவை அதில் நிறைய உண்டு. உழைக்கும் மக்களின் பாட்டை இலக்கியமாக மதிக்கச் சொன்னதில் வானமாமலைக்கு நாம் பட்ட கடன் பெரிது. சேகரித்தவர், உதவியவர், இடம் என்று குறித்துவைத்த நேர்மையும் பெரிது. ஒரு குறையைச் சொல்ல அவர் அனுமதிப்பார் என்று நம்புகிறேன். அச்சில் வரும்போது எடுத்தவளின் அடிகள் நிற்கின்றன. வாங்கியவர்களின் இழுப்பும் தளர்வும் குலவையும் நிற்பதில்லை. ஏட்டில் அது தனிப்பாட்டு ஆகிவிடுகிறது.

இதை நான் நேரில் கற்றேன். பட்ட மேற்படிப்புக் காலத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு வந்து அம்மாவைப் பாடச் சொன்னேன். முதல் நாள் மாட்டேன் என்றாள். இரண்டாம் நாளும் மாட்டேன் என்றாள். காரணம் கேட்டதற்கு, "ஏட்டி, ஒத்தையில எப்படிப் பாட? வாங்குறதுக்கு ஆளு வேணும்லா" என்றாள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுச் சித்தி ஒருத்தியும் எதிர்வீட்டு மதினியும் வந்து திண்ணையில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் வெற்றிலை, கொஞ்ச நேரம் ஊர்க்கதை. பிறகு அம்மா எடுத்தாள், அவர்கள் வாங்கினார்கள். உட்கார்ந்தே பாடியவர்கள் பாதியில் எழுந்தார்கள். மூன்று பேரும் குனிந்து, திண்ணையிலிருந்து வாசல் வரை பின்னோக்கி நடந்துகொண்டே பாடினார்கள். உடம்பு அசையாமல் வார்த்தை வரவில்லை. ஒலிநாடாவில் குரல் இருக்கிறது. அந்தக் கால்கள் இல்லை.

அன்று ராத்திரி அம்மா இன்னொன்றும் சொன்னாள். இந்தப் பாட்டை அவள் எனக்குச் சிறுவயதில் சொல்லிக்கொடுக்கவில்லை. மறந்துபோய் விடவில்லை, வேண்டுமென்றே விட்டிருந்தாள். பாட்டு தெரிந்தால் வயலுக்குக் கூப்பிடுவார்கள், வயலுக்குப் போனால் பள்ளிக்கூடம் நின்றுபோகும் என்பது அவள் கணக்கு. நாட்டார் பாடல்கள் அழிகின்றன என்று வருந்துகிற கட்டுரைகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். சில பாட்டுகளை நம் தாய்மார் தெரிந்தே நிறுத்தினார்கள். இன்று எங்கள் பக்கம் நடவு எந்திரம் வந்துவிட்டது. எந்திரத்தைத் திட்ட நான் தயாராக இல்லை. இடுப்பு வலி என்னவென்று எனக்கும் கொஞ்சம் தெரியும்.

இயற்கையோடு இணைதல் என்பதை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். எங்கள் பெண்களுக்கு நீரின் ஆழம், சேற்றின் சூடு, மேகத்தின் நிறம், எந்தப் பறவை எப்போது வரும் என்பது எல்லாம் தெரியும். அந்த அறிவு பாட்டில் இருந்தது. நிலம் இல்லை. தாங்கள் நட்ட வயலின் கரையில் இருந்த கிணற்றில் குனிந்து குடிக்க முடியாது, யாராவது கையில் ஊற்ற வேண்டும். இயற்கையோடு இவ்வளவு நெருக்கம் இருந்தும் அதன்மேல் உரிமை இல்லை என்பதுதான் எங்கள் கதை. கூட்டுப்பாட்டைக் கொண்டாடும்போது இதை மறைத்தால் அது குறவஞ்சி மேட்டுக் கொண்டாட்டமாகிவிடும்.

மற்றவரோடு இணைதல் என்ற பாதிக்கும் ஒரு வரப்பு உண்டு. 'சாதி ஒழிப்பு' என்ற 1936-ஆம் ஆண்டு உரையில் அம்பேத்கர், சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்கிவைக்கிறது என்கிறார். நல்ல சமூகத்தில் ஒரு பக்கத்து மாற்றம் மறுபக்கத்துக்கு ஊறிச் செல்லும் வழிகள் திறந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறார். எங்கள் நடுகைப் பாட்டு வரிசைக்குள் அப்படி ஊறிச் சென்றது. வரப்பைத் தாண்டவில்லை. வயலுக்காரர் வீட்டுப் பெண் சேர்ந்து பாடியதில்லை என்று சொல்வது சுலபம், எல்லாரும் தலையாட்டுவீர்கள். எங்கள் வரிசையில் அருந்ததியப் பெண்கள் நின்றதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது எங்கள் பக்கத்துத் தவறு. அவர்களுக்கும் பாட்டு உண்டு. அம்மாவுக்கு அது தெரியாது. அரைக் கிலோமீட்டர் தூரம்கூட இல்லை.

வரப்பைத் தாண்டிய கூட்டுப்பாட்டு எங்கே உருவானது? திருநெல்வேலிச் சீமையில் ஒரு இடம் தேவாலயம். கோயிலுக்குள் நுழைய முடியாதவர்கள் ஒரு கூரையின் கீழ் சேர்ந்து வாய்திறந்து பாடிய முதல் இடங்களில் ஒன்று அது. அங்கேயும் சாதி சும்மா இருக்கவில்லை. 1774-ல் திருநெல்வேலியில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் குறவஞ்சி வடிவத்தை எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். அவரே, ஆலயத்தில் சாதி வேறுபாட்டை விட மறுத்தவர்கள் பக்கம் நின்று மிஷனரிகளோடு மல்லுக்கட்டினார். பாட்டு ஒன்று, இருக்கை வேறு.

அந்த இருக்கையைப் பாட்டின் வழியாகவே கலைக்கப் பார்த்தவர் தியாபிலஸ் அப்பாவு (1940–2005). மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்தவர், 'பரட்டை' என்ற பெயரில் பாடல் எழுதியவர். கீர்த்தனையும் மேனாட்டு ஞானப்பாட்டும் பயிற்சி பெற்றவர்களின் கையில் இருக்கின்றன, சேரி மக்கள் அவற்றைத் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள முடியாது என்பது அவர் வாதம். நாட்டார் மெட்டு அப்படியல்ல, வாங்குகிறவர்கள் அதை மாற்றலாம், மாற்ற வேண்டும் என்றார். பேச்சுத் தமிழிலேயே வழிபாட்டுப் பாடல்களை எழுதினார். தீட்டு என்று ஒதுக்கப்பட்ட பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் சமைத்து எல்லாரும் உண்பதை வழிபாட்டின் நடுவில் வைத்தார். அமெரிக்க இசையியலாளர் சோயி ஷெரினியன் இதையெல்லாம் ஆராய்ந்து 2014-ல் ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார். நான் கடவுள் நம்பிக்கை உள்ளவள் இல்லை. இருந்தாலும், பாட்டின் உரிமை வாங்குகிறவர்களுக்கு உண்டு என்று கோட்பாடாகச் சொன்ன முதல் தலித் இசைச் சிந்தனையாளராக அவரை வைக்கிறேன். எங்கள் அம்மா திண்ணையில் சொன்னதும் அதுதான்.

இன்னொரு இடம் தெரு. எடுக்கிறது, வாங்குகிறது என்ற அதே அமைப்பு ஊர்வலக் கோஷத்திலும் இருக்கிறது என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தொழிலாளர் நடுவில் பாடியபோது அவர்கள் வாங்கிப் பாடினார்கள். தேயிலை மலையில் சாதியும் ஊரும் கலந்து வேலை செய்தார்கள், அதனால் கோஷமும் கலந்தது. எங்கள் மாவட்டத்து மாஞ்சோலைத் தோட்டத்திலும் அப்படித்தான். 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வுக்காகவும் சிறையில் இருந்த தொழிலாளர்களை விடுவிக்கவும், மாஞ்சோலைத் தொழிலாளர்களும் ஆதரவாளர்களும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கிக் கோஷமிட்டுக்கொண்டே போனார்கள். கொக்கிரகுளத்தில் காவல்துறை தடியடி நடத்தித் தாமிரபரணிக்குள் விரட்டியது. 17 பேர் இறந்தார்கள். பெண்களும், ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றும் அவர்களில் உண்டு. ஒரே குரலில் எழுந்த கூட்டத்தைக் கலைக்க ஆறு பயன்பட்டது. கொக்கிரகுளத்துத் தண்ணீர் கொஞ்சதூரம் ஓடிச் சீவலப்பேரியில் சிற்றாற்றைச் சந்திக்கிறது. முக்கூடற் பள்ளின் ஊர் அது.

2024-ல் மாஞ்சோலைத் தோட்டத்தை மூடி, தொழிலாளர்கள் மலையை விட்டு இறங்க வேண்டும் என்றபோது, செய்திகளில் அதிகம் கேட்ட சொல் காடு, புலிகள் காப்பகம். தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் கொழுந்து பறித்தவர்களை இயற்கைக்கு வெளியே நிற்பவர்களாகப் பேசினார்கள். காடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மலையோடு இணைப்பு யாருக்கு என்ற கேள்விக்கு சிங்கியின் காலத்திலிருந்து விடை மாறவில்லை என்றுதான் தோன்றியது.

ஒவ்வொரு ஜூலை 23-லும் ஆற்றங்கரையில் மலர் தூவுகிறோம். ஒரு வருடம் நானும் நின்றிருந்தேன். கோஷங்கள் முடிந்து கட்சிக் கொடிகள் தனித்தனியாகக் கலையத் தொடங்கியபோது, ஒரு வயதான அம்மாள் படித்துறையில் உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தார். பக்கத்தில் நின்ற பெண்கள், ஒருவரையொருவர் தெரியாதவர்கள், வாங்கினார்கள். எந்த ஊர், எந்தச் சாதி என்று யாரும் கேட்கவில்லை. அவருக்கு முன்னால் நின்ற ஒரு இளைஞர் கைப்பேசியை எடுத்தார், பிறகு பையில் வைத்துவிட்டு அவரும் வாங்கத் தொடங்கினார்.

என் உரை இவ்வளவுதான். முன்வரிசையில் ஐந்து அம்மாக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மூவர் எங்கள் தெரு, இருவர் அருந்ததியர் தெரு. இரண்டு வாரமாகப் பேரவை அலுவலகத்துக்கு வந்து ஒருவர் பாட்டை மற்றவர் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். சேர்ந்து பாடியது இதுவரை நான்கு நாள்தான், அதில் ஒரு நாள் சண்டை. மேடைக்கு வர மாட்டோம், கீழேயே நிற்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒலிபெருக்கியை அணைத்துவிடச் சொல்லியிருக்கிறேன். மாணவர்கள் கொஞ்சம் எழுந்து நாற்காலிகளைச் சுவரோரம் நகர்த்திவையுங்கள். பின்னோக்கி நடக்க இடம் வேண்டும். முதல் அடியை அம்மாக்கள் எடுப்பார்கள்.